மீன்தொட்டித் தண்ணீரும் உன் அப்பாவும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த எல்லோரில் நீ வைத்துவிட்டுப் போன மீன்தொட்டியையும் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். அப்பா அதே அறையில் இருக்க அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச முடியவில்லை, படிக்கட்டில் நின்று பேசினால் மேல்வீட்டுத் தையல்காரம்மா என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

போனில் நீ கேட்கும் முதல் கேள்வி அப்பா பேசினாரா என்பதுதான். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, கை கால் முக்கால்வாசி சரியாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது என்கிறார் டாக்டர், ஆனால் நாக்கு குழறுகிறதே என்று வெட்கப்பட்டு இந்த மனிதர் வாயைத் திறப்பதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். நீ பேசுவதை எல்லாம் கேட்டுவிட்டு போனை என் கையில் திணித்துவிடுகிறார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் மூன்று வாரத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேசப் பேசத்தாம்மா வரும், இப்படியே விட்டா இருக்கிறதும் போயிடும்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

கண்ணெதிரே உயிருள்ளது ஏதாவது இருந்தால் அவர் மனசு திரும்பும் என்றுதானே லீவில் வந்தபோது அவர் நாற்காலிக்கு எதிரே தொட்டியை வைத்து, மண் பரப்பி, செடி நட்டு, விளக்கு மாட்டிவிட்டுப் போனாய். போகும்போது என்ன சொன்னாய், ஒரு மாதத்துக்கு மீன் விடாதே, தண்ணீரின் பி.எச். தானாக ஒரு நிலைக்கு வரும், வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும், கால்வாசித் தண்ணீரை மாற்று, மற்றபடி கை வைக்காதே. இதை யாரிடம் சொன்னாய் என்று யோசித்தாயா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பாய்லர் தண்ணீரைச் சோதித்தவளிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் பிடித்து, பி.எச். பார்த்து, இறங்கியிருந்தால் மருந்து விட்டு ஏற்றி, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அளவு பிசகினால் குழாய் அரிக்கும், பாய்லர் நிற்கும், சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். என் ஷிப்டில் ஒரு நாளும் நின்றதில்லை. அப்படிப்பட்டவள் கையில் சோதனைச் சொட்டுமருந்தையும் வண்ண அட்டையையும் கொடுத்துவிட்டு சும்மா இரு என்றால் இருப்பேனா.

நீ ஏறிய விமானம் அங்கே இறங்குவதற்குள் முதல் சோதனையை முடித்துவிட்டேன். காலையில் பி.எச். ஆறரை. குறைந்துவிட்டதே என்று சமையல் சோடா அரைக் கரண்டி கரைத்து விட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஏழரையையும் தாண்டி நிற்கிறது, போட்டது கூடிப்போயிற்று என்று வினிகர் இரண்டு மூடி. மறுநாள் காலையில் மறுபடியும் இறங்கியிருக்கிறது. மறுபடியும் சோடா. பழைய டைரியில் கோடு போட்டுத் தேதி, நேரம், அளவு எல்லாம் எழுதினேன், கையெழுத்துக்கூடப் போட்டேன், சிரிக்காதே. நான் பாடுபட்ட பாட்டுக்குச் செடிகளின் இலை எல்லாம் நிறம் வெளுத்துக் கரைந்து விழ ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த உன் அக்கா பாத்திரம் தேய்க்கும் இடத்தில் என் சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனது நீயா இல்ல உன் லேபா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்கு நடுவில்தான் பேச்சுப் பயிற்சிப் பெண் அப்படிச் சொன்னது. வெறும் செடியைப் பார்த்து எவன் பேசுவான், மீன் இருந்தால் ஒரு வார்த்தை வராதா என்று அடுத்த நாளே கடைக்குப் போய் ஆறு சின்ன மீன் வாங்கி வந்துவிட்டேன். நீ சொன்ன ஒரு மாதம் ஆகவில்லை என்று தெரியும். கடைக்காரர் தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார், மூன்று மாதம் என்று கூசாமல் பொய் சொன்னேன். மீனை விட்டதும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலாம் நாள் ஒரு மீன் செத்தது. ஐந்தாம் நாள் இன்னொன்று. அவர் பார்ப்பதற்குள் டீ வடிகட்டியால் எடுத்துவிடலாம் என்று போனேன், அவர் என் முகத்துக்கு நேரே நாலு விரலைக் காட்டினார். எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்று காலை நான் சோடாக் கரண்டியோடு போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தார் தம்பி. பக்கவாதம் இழுத்த அதே வலது கையால். வாயைத் திறந்து, "வேணாம்" என்றார். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக, பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "விளக்கு போட்டா... இலைல குமிழ் வருது... தானா ஏறுது. விளக்க அணைச்சா... தானா இறங்குது" என்றார். நான் காலையில் விளக்கு போடும் முன்னும் சாயங்காலம் விளக்கு அணைக்கும் முன்னும் பார்த்துவிட்டு, செடி செய்கிற வேலையை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றியிருக்கிறேன், நாளெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தவர் தொட்டியையும் என் டைரியையும் பார்த்தே அதைக் கண்டுபிடித்திருக்கிறார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் இல்லையா, "ஏறி இறங்குறதுதான்... அதுக்கு வேலை. நடுவுல நிறுத்தினா... உள்ள இருக்கிறவனுக்குத்தான் கஷ்டம்" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, எனக்கா தண்ணீரைப் பற்றிச் சொல்கிறீர்கள், இருபத்தெட்டு வருஷம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முறைத்துவிட்டு, "நீ பாய்லர்ல... மீனா வளர்த்த?" என்று கேட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் அப்பா என்னைத் திட்டினார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன், அழும்போதே சிரிப்பும் வந்தது.

கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "தண்ணி தானா மெதுவா ஏறி இறங்கினா மீன் தாங்கிக்கும்க்கா, நீங்க பட்டுனு கொட்டினா எப்படித் தாங்கும், அதுவும் புதுத்தொட்டில" என்றார். இரண்டு வாரமாகச் சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. பி.எச். காலையில் ஆறரை, சாயங்காலம் ஏழு சொச்சம், மறுநாளும் அதேதான். மிச்சம் நாலு மீனும் ஓடுகின்றன, கரைந்த செடியில் துளிர் வந்திருக்கிறது. டைரி இப்போது அப்பாவிடம், கோணல்மாணலாக எழுதுகிறார். எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் அவர் பேசுவது தொட்டியைப் பற்றி மட்டும்தான், அதுவும் என்னிடம் மட்டும். போன் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் "த" என்று ஆரம்பிக்கும் முன் தண்ணியா என்று கொண்டுவந்து நீட்டினேன், டாக்டர் கேட்டால் நான் பதில் சொன்னேன், நீ கேட்டாலும் அப்பா நல்லா இருக்கேன்கிறார் என்று நானே சொன்னேன். அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை தம்பி. அவர் வாயை நான்தான் அடைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழுங்கள். மருமகளை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கேட்காதே, அவரைக் கூப்பிடு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் தண்ணீர் இன்றைக்கு எவ்வளவு என்று கேள். பதில் வர நேரமாகும், லைன் போய்விட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே, நடுவில் சொல்லை எடுத்தும் கொடுக்காதே. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா