சலூன் பெஞ்சில் ஐந்து கொலைகாரப் பிள்ளைகள்

ஜூன் 2, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அக்கா மகள் மூன்று வயதில் என் சலூன் சுவரில் கரித்துண்டால் ஒரு மாடு வரைந்தாள். அக்கா அதை நாய் என்பாள், அது கிடக்கட்டும். "இவள் ஒருநாள் படக்கதைப் புத்தகம் போடுவாள், அதில் ஆட்கள் பொத்துப்பொத்தென்று விழுவார்கள், ஊரே பேசும்" என்று கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துச் சொன்னேன். அப்போது கடைக்குள் இருபது பேர் இருந்தார்கள். கடையில் இருப்பது இரண்டு நாற்காலியும் ஒரு பெஞ்சும்தான். இருந்தாலும் இருபது பேர்.

இன்றைக்குப் புத்தகம் வந்துவிட்டது. பெயர் 'விரல் ரேகை இல்லாதவர்கள்'. ஐந்து பிள்ளைகள், எல்லாம் பதினாறு பதினேழு வயது. அவர்களை ஒரு கூட்டம் பிடித்து வைத்து, விரல் நுனியைச் சுட்டு ரேகையை அழித்து, கொலை செய்யப் பழக்குகிறது. பக்கத்துக்குப் பக்கம் கத்தி, கயிறு, விஷம். பென்சில் (அக்கா மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) எனக்கென்று மூன்று பிரதி கொடுத்தாள். ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று பிரதியையும் பெஞ்சில் வைத்தேன். அதில் கிடந்த பழைய வாரப் பத்திரிகைகளைக் கடாசியாயிற்று. இனி என் கடையில் காத்திருப்பவன் ஃபோனை நோண்ட மாட்டான். இலக்கியம் படிப்பான்.

மனைவி கேட்டாள்: "கத்தி புடிக்கிற கடையில கொலைப் புத்தகமா? யோசிச்சுத்தான் செய்யறீங்களா?"

யோசிக்காமல் நான் தும்மினதுகூடக் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

வாசகர் கருத்துகள் குவிகின்றன. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்: "அண்ணே, இந்தப் பசங்க சுவரேறிக் குதிச்சு ஓடுறாங்க பாருங்க, அதான் ஓட்டம். என் ஸ்கூல்ல மணியடிச்சா மட்டும்தான் ஓடுறானுங்க."

மருந்துக்கடைக்காரர்: "கதை பரவால்ல. ஆனா அந்த விஷத்துக்கு ஒரு சொட்டுல ஆள் சாக மாட்டான். வயித்தாலதான் போகும்."

என் மனைவி: "அஞ்சு பேர் சட்டையிலயும் இவ்வளவு ரத்தமா! யாரு துவைக்கிறா? அதை ஒரு எடத்துலயும் காட்டலையே."

பெரிய விமர்சகர்கள்கூட இந்தக் கோணத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

வரலாற்று நாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் 'சோப்பு' என்று ஒரு பையன் வருகிறான். சலூன் வேலைக்காரனாக நடித்து, முகத்தில் நுரை போட்டு, தலையைச் சாய்த்து... அப்புறம் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. அந்தக் கை என் கைதான். பென்சில் போன வருஷம் என் கடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தது. சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு கத்தி பிடிப்பது உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

இன்றைக்குப் பேங்க் அதிகாரி ஒருவர் நுரையோடு சாய்ந்தபடியே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியில் என் சுண்டு விரலைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"போதுங்க," என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்!"

"மீதியை வீட்டுல பாத்துக்கறேன்."

நுரையோடு எழுந்து, மேல்துண்டோடு தெருவில் நடந்துவிட்டார். துண்டு இன்னும் திரும்பி வரவில்லை. அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "முடி மட்டும் வெட்டுங்க, ஷேவிங் வேணாம்." ஞாயிற்றுக்கிழமை ஒரு சவரம்கூட இல்லாமல் போனது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

"புத்தகத்தைத் தூக்கி உள்ள வைங்க, பொழப்பு போகுது," என்றாள் மனைவி. எனக்கோ பெருமை தாங்கவில்லை. படித்தவனைப் பாதிச் சவரத்தில் எழுந்து ஓட வைத்த புத்தகம் உலகத்தில் வேறு எது?

ஜூன் 9, திங்கள்

சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம் என்று பென்சில் வீட்டுக்குப் போனேன். அவள் சிரிக்கவில்லை. ஃபோனை என் பக்கம் திருப்பினாள். வாசகர்கள் எழுதியது. பாதிப் பேர் 'அட்டகாசம், வெட்டு குத்து வேற லெவல்' என்கிறார்கள். மீதிப் பேர் திட்டுகிறார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்தப் பெண்ணுக்குச் சாவு என்றால் சிவப்பு மை, அவ்வளவுதான். உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை.'

"திட்டுறவங்களை விடுங்க மாமா. பாராட்டுறவங்களும் அதையேதான் சொல்றாங்க. ரத்தம் நல்லாருக்காம்."

விஷயம் இதுதான். இருபத்திரண்டாம் தேதி நூலக மாடியில் வாசகர் கூட்டம். அங்கே வருகிற கருத்தைப் பார்த்துத்தான் இரண்டாம் பாகம் போடுவதா வேண்டாமா என்று பதிப்பக அம்மா முடிவு செய்வார்கள். அக்கா அதற்குள் ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டாள். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற கம்பெனி, அடுத்த மாசம் சேர வேண்டும். பென்சில் சரி என்று சொல்லிவிட்டாளாம். கூட்டத்துக்கே போகப் போவதில்லையாம்.

"உன் புத்தகம் உலகத்திலேயே..." என்று தொடங்கினேன்.

"மாமா, நாலு வயசுல நான் வரைஞ்ச தக்காளியைச் சூரியன்னு சொன்னவர் நீங்க. உங்க கருத்து கணக்குல வராது."

அது சூரியன்தான். காம்பு இருந்தால் என்ன?

ஜூன் 10, செவ்வாய்

ஷேவிங் இல்லை. ஊரே தாடியோடு திரிகிறது.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு ஒரு ஐயா கடைக்கு வந்தார். தடித்த கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடது கால் லேசாக நொண்டல். புத்தகத்தை எடுத்தார். முடி வெட்டிக்கொள்ளவே மறந்துவிட்டார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நின்றுவிட்டார். 'ஊசி' என்கிற பெண் ஒரு கிழவர் வீட்டுக்குள் போகிற இடம். தாகமாக இருக்கிறது என்கிறாள். அவர் டீ போட்டுக் கொடுக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அப்புறம் அவள் வந்த வேலையை முடிக்கிறாள். பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். வசனம் இல்லை. சமையல் மேடைமேல் இரண்டு கோப்பைகள், கழுவிக் கவிழ்த்தபடி.

பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "தடயத்தை அழிக்கிறா. கெட்டிக்காரி," என்றார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இல்லப்பா. அவளுக்குத்தான் விரல்ல ரேகையே இல்லையே. எதுக்குக் கழுவணும்? அப்படியே கழுவினாலும் தன்னோடதை மட்டும் கழுவினாப் போதாதா? அவரோடதையும் சேர்த்துக் கழுவி வெச்சிருக்கு, பாரு. டீ குடிச்சா கழுவி வைக்கணும்னு யாரோ ஒருத்தங்க எப்பவோ அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதை இன்னும் மறக்கல. குழந்தைப்பா அது."

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பென்சில் வீட்டுக்கு ஓடினேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அவள் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு மெதுவாக, "அந்தக் கட்டத்தை யாருமே பாக்கலன்னு நெனச்சேன்," என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

மனைவி இந்த டைரியைப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். காலையில் காப்பியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க டைரியில தேதி மட்டும்தாங்க நெசம்."

ஜூன் 14, சனி

பென்சில் மறுபடி வரைகிறாள்! கூட்டத்துக்கும் வருகிறாளாம். ஆனால் கேள்வி மேல் கேள்வி. யார் அந்த ஐயா, என்ன வேலை?

"ரிட்டயர்டு நீதிபதி," என்றேன். "நூத்துக்கணக்கான கொலைக் கேஸ் பாத்தவர். அவரே கண் கலங்கிட்டார்னா பாத்துக்கோ. ஒரு தங்கப்பல் வேற."

"நொண்டுவார்னு சொன்னீங்களே?"

"ஆமா, வலது கால்."

"கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க மாமா. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"அவர் வராம வேற யார் வரப்போறா?" என்றேன். என் வாய் இருக்கிறதே, எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்று கை காட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா கடைக்கே வந்துவிட்டாள். ஆளெல்லாம் இருக்கும்போதே.

"டேய், யாருடா அந்த நீதிபதி?"

"நல்ல மனுஷன்க்கா."

"என் பொண்ணு கம்பெனிக்காரங்ககிட்ட வேலை வேணாம்னு சொல்லப் போறாளாம். முகம் தெரியாத எவனோ ரெண்டு வார்த்தை சொன்னானாம், அதை நம்பி. அந்த வேலை போனா திரும்ப வராதுடா. இது அவ வாழ்க்கை. நீ கடையில விடுற கதை இல்ல."

போகும்போது நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தாள். கோபத்திலும் டம்ளரைப் பின்பக்கக் குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். எந்த வீட்டிலும், எந்தக் கடையிலும் அவள் வழக்கம் அது. சின்ன வயதில் என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான்.

நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? பிள்ளை அழுதுட்டு உக்காந்திருந்தா, ஓடிப்போய்ச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லாரும் சேந்து அவளைக் குதறினா... வேலையும் போயி, புத்தகமும் போயி... ஐயோ. சோறு இறங்கலை. எனக்கே இறங்கலைன்னா!

ஜூன் 20, வெள்ளி

ஐயா திடீரென்று வெளியூர் போய்விட்டார். மகனைப் பார்க்க. ஆகவே அவருக்குப் பதிலாக பி.டி. மாஸ்டரைத் தயார் செய்து பார்த்தேன். மாமனாருடைய கண்ணாடியைப் போட்டு நொண்டச் சொன்னேன். மனுஷன் நொண்டவில்லை, தாவினார். கண்ணாடி போட்டதும் பாதை தெரியாமல் நாற்காலியில் முட்டினார்.

"பேச வேணாம் மாஸ்டர், கண் கலங்கினாப் போதும்," என்றேன்.

"இந்தக் கண்ணாடியில ஏற்கெனவே கலங்குதுண்ணே," என்றார்.

யோசனை கைவிடப்பட்டது.

ஜூன் 22, ஞாயிறு

நூலக மாடி நிரம்பி வழிந்தது. ஆயிரம் பேர். நாற்காலி நாற்பதுதான், அதிலும் பின்வரிசை காலி. அக்கா கடைசியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் என்னைப் பார்த்தாள், என் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள். 'வெளியூர்' என்று வாயசைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

கல்லூரிப் பையன்கள் எழுந்து வெட்டையும் குத்தையும் புகழ்ந்தார்கள். பிறகு ஒரு அம்மா எழுந்தார். கையில் புத்தகம், ஏகப்பட்ட அடையாளக் காகிதங்கள். "எனக்கும் பதினாறு வயசுல ஒரு பையன் இருக்கான். இதுல ரத்தத்தைத் தவிர என்ன இருக்கு? இந்தப் பிள்ளைங்க யாரு? எதுக்கு நான் இதுங்களுக்காகக் கவலைப்படணும்?"

பதிப்பக அம்மா பேனாவை மூடினார்கள். நான் எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று துடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் வரவில்லை.

பென்சில் சொன்னாள்: "நூத்தி முப்பதாம் பக்கத்துல, கீழ் மூலையைப் பாருங்க."

அந்த அம்மா புரட்டினார். பார்த்தார். "ரெண்டு கப்பு இருக்கு."

"ரேகை இல்லாதவ அதைக் கழுவி வெச்சிருக்கா. ரெண்டையும். ஏன்?"

அந்த அம்மா புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். விரலை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தார். "இதை நான் தாண்டிப் போயிட்டேனே," என்றார். "அடக் கடவுளே. யாரோ வளர்த்த பிள்ளைம்மா இது." உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டத் தொடங்கினார். மாடி முழுக்கத் தாள் புரளும் சத்தம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அக்கா!

"அது நான் சொல்லிக் குடுத்தது," என்றாள் யாரிடமும் இல்லாமல். "யார் வீட்டுல குடிச்சாலும் கழுவி வெச்சுட்டு வரணும்னு." பிறகு, "கொலை நான் சொல்லிக் குடுக்கலை," என்று சேர்த்துக்கொண்டாள். மாடியே சிரித்தது. பதிப்பக அம்மா பேனாவைத் திறந்தார்கள்.

ஜூன் 30, திங்கள்

இரண்டாம் பாகம் உறுதி. லேபிள் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொன்னது அக்காவே! "ஒரு வருஷம் பாப்போம்," என்றாளாம். இன்று பேங்க் அதிகாரி புதர் மாதிரித் தாடியோடு வந்து, துண்டைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "சுண்டு விரலை மட்டும் மடக்கிக்கங்க," என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். டைரியும் நானும்தான்.

சாயந்திரம் பென்சில் வந்து ஒரு படம் கொடுத்தாள். "உங்க ஐயா. நீங்க சொன்ன அடையாளமெல்லாம் வெச்சு வரைஞ்சேன்." தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை, தங்கப்பல். இடது காலும் நொண்டல், வலது காலும் நொண்டல். பாவம், மனிதர் காற்றில் மிதக்கிற மாதிரி நிற்கிறார். கையில் ஒரு டீக் கோப்பை. சுண்டு விரல் தனியாகத் தூக்கியிருக்கிறது.

நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். "அவரைப் பாத்தா தேங்க்ஸ் சொல்லிடுங்க மாமா," என்றாள். டீயைக் குடித்தோம். இரண்டு டம்ளரையும் அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

படத்தைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

சரி, எழுதிவிடுகிறேன். அப்படி ஒரு ஐயா என் கடைக்கு வரவே இல்லை. ஒரே மூச்சில் படித்ததும் இல்லை. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது எழுத்துக்கூட்டி, கட்டம் கட்டமாக ஊர்ந்து, பத்து நாள் ஆயிற்று. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துண்டு ஈரமாகிவிட்டதே என்று உள்ளே போய் வேறு துண்டு எடுத்தவன் நான்தான். மாமா சொன்னால் கணக்கில் வராது. நீதிபதி சொன்னால் வரும்.

மற்றதெல்லாம் சத்தியம். அந்த இருபது பேர் உட்பட.