துக்க வீட்டில் நான் செய்த ஜெபம்

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. இரண்டு பேருக்கு மூக்கில் உட்காரும் ரப்பர் மாற்றிக் கொடுத்ததோடு சரி. சாயங்காலம் பாஸ்டர் போன் செய்தார். சபையார் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிற வீடு சந்திப்புக் குழுவில் ஆள் குறைகிறதாம், நான் வந்தால் நன்றாயிருக்குமாம். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஏன் சொன்னேன்? நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபிப்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனைவிக்கு ஒரே சிரிப்பு. "கண்ணாடி வாங்க வர்றவங்ககிட்ட வாய் ஓயாம பேசறீங்க. கர்த்தர்கிட்ட பேசத்தான் வெக்கமாக்கும்?"

மார்ச் 9, ஞாயிறு

ஜெபத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எங்கள் சபையில் எல்லாரும் தொடங்குகிற மாதிரிதான்: 'இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்.' அதைச் சொல்லிவிட்டால் வண்டி தானாக ஓடிவிடுகிறது. போன வீடுகளில் எல்லாம் ஓடியது. பாஸ்டர்கூட "பரவாயில்லையேண்ணே" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

எங்கள் சபை பேக்கரிக்காரர் விடியற்காலையில் இறந்துபோய்விட்டார். அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டாராம். வீடு நிறைய ஆட்கள். அவர் மனைவியை நாங்கள் பேக்கரி அக்கா என்போம். சவப்பெட்டியின் மேல் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். பாஸ்டர் என்னைப் பார்த்து ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன்.

"இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே."

சொல்லிட்டேன். அந்த வீட்டுல. அந்தம்மா முன்னாடி.

அழுகை சட்டென்று நின்றது. யாரோ இருமினார்கள். கண்ணைத் திறந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மீதி என்ன சொன்னேனோ தெரியாது. ஆமென் சொன்னேனா?

மார்ச் 15, சனி

சோறு இறங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆலய வாசலில் மச்சினன், "என்ன மாமா, இன்னிக்கும் நல்ல நாள்தானா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மனைவி தம்பியென்றும் பாராமல் அவனை ஒரு பிடி பிடித்தாள். வீட்டுக்கு வந்து, விடுங்க, யார் ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க என்றாள். அக்கா ஞாபகம் வெச்சிருப்பாங்களே. நானெல்லாம் எதுக்கு ஊழியத்துக்குப் போகணும்?

மார்ச் 20, வியாழன்

குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். வேண்டாமென்று தடுப்பார் என உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

பேக்கரி அக்கா ஆலயத்துக்கு வருவதேயில்லை. பார்க்கப் போன குழுவையும் வாசலோடு அனுப்பிவிட்டாராம். எல்லாம் என்னால்தான். ஆறுதல் சொல்லப் போய் அவரை விரட்டியடித்துவிட்டேனே, ஆண்டவரே.

ஏப்ரல் 2, புதன்

அக்கா ஆள் விட்டிருக்கிறார், நான் மட்டும் வரவேண்டுமாம்.

ஏப்ரல் 3, வியாழன்

போனேன். பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ரொட்டித் தட்டுகளெல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. நாற்காலியைக் காட்டினார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"அது எப்படி தம்பி நல்ல நாளாச்சு?"

பதில் தயாராக வைத்திருந்தேன் – அவர் பரலோகம் சேர்ந்த நாள், அது இது என்று. அந்த முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"அது நல்ல நாளே இல்லக்கா. பயத்துல வாய்ப்பழக்கமா வந்துடுச்சு."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அடுத்தவங்க கடையில உக்காந்து, இவ்வளவு பெரிய ஆம்பளை.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, வந்தவர்கள் எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். "அது நல்ல நாள் இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

ஜெபிக்கச் சொல்லவில்லை, நானும் ஜெபிக்கவில்லை. கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். மனிதர் தூக்கத்தில் பாடுவாராம், அதுவும் ராகமே இல்லாமல். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடி அக்கா வீட்டுக்கு. டீ கொடுத்தார்.

ஏப்ரல் 26, சனி

எங்கள் சபைத் தையல்காரரின் மகள் இறந்துவிட்டாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். பாஸ்டர் வெளியூரில் இருக்கிறார். வேறு ஆளே கிடைக்கவில்லை, போக முடியுமா அண்ணே என்று போனில் கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சரி என்றுதான் வாயில் வந்தது. போனை வைத்ததும் நேரே அக்காவிடம் போய், கூட வருவீர்களா என்று கேட்டேன். மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிட்டார்.

தையல்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா முழங்கையால் லேசாக இடித்து, "இப்ப ஜெபிங்க தம்பி" என்றார்.

அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை ஆண்டவரே என்றேன். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்காவே ஆமென் சொன்னார்.

எழுந்தபோது தையல்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். நாளைக்கும் வருவீங்களா என்று கேட்டார்.

வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.