ஐந்தாவது பட்டு

கொழும்புத் துறையில் கப்பலுக்குப் பாய் ஏற்றும் வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, பழவேற்காட்டு ஏரியோரத்திலிருந்து அங்காளம்மாள் கும்பிட்டுச் சொல்லி எழுதுவித்தது. நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டாத பொழுது இல்லை.

எழுதுபவர் கோட்டைக் கணக்கர் ஞானதாஸ். நல்ல மனிதர். ஆனாலும் அயலார் முன்னால் சொல்லக்கூடிய பேச்சு மட்டும்தான் இதில் இருக்கும். மீதியை நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சந்தோஷச் சங்கதி. ராஜவேலு தோற்றான். இந்த ஆடிக் கூத்துப் போட்டியில், ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊர் நாட்டாரும் பார்த்திருக்கத் தோற்றான். தோற்கடித்தது நான்.

நீங்கள் உலாந்தா வெள்ளைக்காரர் கப்பலில் ஏறிய பிறகு இங்கே நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. நாலு ஆடி தொடர்ந்து நம் குப்பத்துக் கூத்துக்கே ஜெயித்த பட்டு கட்டினார்களே, அந்த நாலு கூத்தும் தன் மனசில் உதித்தவை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான் ராஜவேலு. தான் சொல்லச் சொல்ல நீங்கள் ஏட்டில் கீறினீர்களாம். அவ்வளவுதானாம். ராஜா வேஷம் கட்டிக் கட்டி, கிரீடத்தைக் கழற்றிய பிறகும் அவனுக்கு ராஜா நினைப்பு போகவில்லை. உங்களைத் திருடன் என்று விலக்கி வைத்த ஊர், அவன் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. காணாமல் போன அம்மன் தண்டை உங்கள் வலைக்கூடையில் கிடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்களாம். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு இல்லை.

அதன்பிறகு நான் தடவிப் பிடித்த இறாலைக் குப்பத்தில் யாரும் கையால் தொடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டூர் வரைக்கும் நடந்தேன். அங்கே பொன்னியம்மாள் என்று ஒரு குடியானவர் வீட்டு அம்மாள், இறாலை வாங்கிக்கொண்டு நெல் கொடுப்பார். குடிக்கக் கூழும் கொடுப்பார். அவர் வீட்டுக்காரர்தான் காட்டூர்க் கூத்து வாத்தியார் தெய்வசிகாமணி. நாலு வருஷமும் உங்களிடம் தோற்றவர்.

ராஜவேலு மாசி மாதம் என் குடிசைக்கு வந்தான். நம் வீட்டு ஏடுகளை அவன் முன்னமே அள்ளிக்கொண்டு போயிருந்தான். அவற்றில் புதுக்கூத்து இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கிறது. ஐந்தாவது ஆடிக்கு எதை ஆடுவது? நீங்கள் ஐந்தாவதாகக் கட்டிய வலைமங்கைக் கூத்தை ஏட்டில் ஏற்றவே இல்லை. கிழிந்த வலையைப் பொத்தும்போது நீங்கள் பாடினீர்கள், நான் திருப்பிப் பாடினேன். அது இருந்த இடம் என் வாய் ஒன்றுதான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. குரலை இறக்கிக்கொண்டு, "ஊர் மானம்மா இது. உனக்கும் இது பொறந்த ஊருதான, ரெண்டு பாட்டாவது சொல்லு" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மனசுக்குள் ஒரு முறை ஓட்டினேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

மறுநாள் காட்டூருக்குப் போனேன். இறால் கொண்டுபோகவில்லை.

தெய்வசிகாமணி முதலில் நம்பவில்லை. எங்கள் குப்பத்தார் ஏதோ சூது செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நான் பாடினேன். கடல்ராசன் வலைமங்கையின் புருஷனைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் வந்தபோது, அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டார். நெல்லோ துணியோ வேண்டாம் என்றேன். கட்டியக்காரன் வந்து நின்றதும் முதல் பேச்சாக உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், கூத்து முடிந்ததும் கடைசிப் பேச்சாக அதே பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன். நான்கு வருஷம் தன்னைத் தோற்கடித்தவன் பெயரை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தயக்கம். பொன்னியம்மாள்தான், ஜெயித்தவனோடு சேர்ந்துகொள்வதில் என்ன கேவலம் என்று அவரை அடக்கினார்.

ஏர் பிடிக்கிறவர்களுக்கு வலை வீசக் கற்றுக்கொடுப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. விதை தெளிப்பது போலத் தெளித்தார்கள். கொண்டல் எது, கச்சான் எது என்று தெரியாமல் பாடினால் நம் குப்பத்தார் சிரிப்பார்களே என்று ஒவ்வொரு காற்றுக்கும் முகத்தைத் திருப்பி நிற்கப் பழக்கினேன்.

இதற்குள் குப்பத்தில் சேதி தெரிந்துவிட்டது. என் தம்பி குப்பன் வந்து, ஊரைக் காட்டிக்கொடுத்தவள் தனக்கு அக்கா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் என்னைக் காட்டிக்கொடுத்தபோது நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அம்மா முகம் நினைவுக்கு வந்துவிடும்.

ஆடியும் வந்தது. ராஜவேலு உங்கள் பழைய கூத்துகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்து ஒட்டி ஆடினான். பார்த்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அடுத்த நாள் காட்டூரார் முறை. கட்டியக்காரன் வந்து உங்கள் பெயரைச் சொன்னதும் நம் குப்பத்தார் உட்கார்ந்திருந்த பக்கம் சலசலத்தது. பிறகு அடங்கியது. விடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

நாட்டார் பட்டை எடுத்தபோது ராஜவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இந்தக் கூத்து தன்னுடையது, நான் திருடி விற்றுவிட்டேன் என்றான். திருட்டுப் பட்டம் கட்டுவது அவனுக்குக் கைவந்த வேலை. நாட்டார் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இதுக்கு வேற ஒரு முடிவு உண்டு. காட்டூரார் ஆடுனது நான் மாத்துனது. கட்டுனவர் மொதல்ல கட்டுன முடிவு இன்னான்னு இவன் பாடட்டும்" என்றேன்.

அவன் வாய் திறந்தது. பாட்டு வரவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் அவன் நின்ற நிற்பைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றுதான் எனக்குக் குறை. அந்த முடிவை நானே பாடினேன். கடல்ராசன் கரைக்கு வந்து மன்னிப்புக் கேட்பான், வலைமங்கை மன்னிப்பாள், அலை அவள் காலைத் தொட்டுத் திரும்பும். அது அழகான பாட்டு. காட்டூராருக்கு நான் கொடுத்த முடிவில் அவள் மன்னிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கடல் கத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கூத்தில் கைவைத்ததற்கு நீங்கள் கோபிக்கலாம். என்னால் அவளை மன்னிக்க வைக்க முடியவில்லை.

கட்டியவர் யார் என்று நாட்டார் கேட்டார்கள். அதுவரை என் வாயால் சொல்லாத பெயர். ஊர் முழுக்கக் கேட்கும்படி, "கோதண்டம்" என்றேன். ஐந்தாவது பட்டு காட்டூராருக்குக் கட்டினார்கள். ஆனால் ஐந்தும் ஒருவருடையது என்று இப்போது ஏரிக்கரையில் தெரியாதவர் இல்லை.

ஆடி கழியும் முன்பே நம் குப்பத்து மத்தளக்காரர் சின்னதம்பி நாட்டாண்மை பூபதியிடம் போய், "தண்டையைக் கூடையில வச்சது ராஜவேலுதான். நான் பாத்தேன். ஜெயிச்சிக்கினு இருந்தோம், அதனால வாய் தெறக்கல" என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு ராஜவேலு மேல் இருந்ததைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. பட்டு வந்துகொண்டிருந்த வரைக்கும் கண்டவனும் குருடன். அந்தப் பட்டும் நீங்கள் கொடுத்தது.

பூபதி வந்து விலக்கை எடுத்துவிட்டதாகச் சொன்னார். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாமாம். அதே மூச்சில், அடுத்த ஆடிக்கு நம் ஊருக்குக் கூத்து உண்டா என்றும் கேட்டார். உட்காரச் சொல்லாமலே அனுப்பினேன்.

போன வாரம் ராஜவேலு வந்தான். இப்போது அவனை யாரும் தோணியில் சேர்ப்பதில்லை. வாசலில் நின்று, அடுத்த கூத்தில் எந்த வேஷமானாலும் சரி, ஆடாமல் இருக்க முடியவில்லை என்று அழுதான். அவன் அழுகை எனக்குப் பாயசம் போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"கட்டியக்காரன் வேஷம் தரேன். கோமாளிக் குல்லா மாட்டிக்கினு, மொதல்லயும் கடைசியிலயும் அவர் பேரை உன் வாயால சொல்லணும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சரி என்றான்.

அதனால்தான் இந்தக் கடிதம். அவன் சரி என்று சொல்லிவிட்டான், ஆனால் என்னிடம் ஆறாவது கூத்து இல்லை. நீங்கள் விட்டுப்போனதெல்லாம் தீர்ந்துவிட்டது. நானே கட்டிப் பார்த்தேன். கோபம் வருகிறது, பாட்டு வரவில்லை.

கொழும்பிலிருந்து வந்த தோணிக்காரர்கள், அங்கே துறையில் காய்ச்சல் என்றும், நம் பக்கத்து ஆட்கள் சிலர் போய்விட்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். பெயர் சொல்ல வந்தார்கள். நான் கேட்காமல் வந்துவிட்டேன். உங்களுக்கு வேலை அதிகம், அதனால்தான் இதுவரை ஒரு சேதியும் அனுப்பவில்லை என்று பொன்னியம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தோணி வாடைக்காற்றில் புறப்படுகிறது, தென்காற்றில் திரும்பும். அதற்குள் கூத்து கட்டி அனுப்புங்கள். முழுக்கூத்தும் வேண்டும் என்பதில்லை. முதல் பாட்டு போதும். அதற்கும் நேரமில்லை என்றால் ஓர் அடி சொல்லி அனுப்புங்கள். வேறு யார் வாயில் வந்தாலும், அது நீங்கள் கட்டியதா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

ராஜவேலு காத்திருக்கிறான். அவனுக்காகவாவது அனுப்புங்கள்.

அம்மன் உங்கள் தொண்டைக்குக் காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அங்காளம்மாள்