டைவ் என்றால் என்ன என்று கேட்டார்கள்

வெள்ளவத்தை,
09.11.1997

மகனுக்கு,

இவ்வளவு காலம் நான் பேசாமல் இருந்தது போதும். அம்மா ஒருவாறு இருக்கிறாள், எனக்குப் பிரஷர். நீ அங்கே மீன்களோடு சுகமாகத்தான் இருப்பாய், அதை விசாரிக்கத் தேவையில்லை. எஞ்சினியராக வா என்று அவுஸ்திரேலியாவுக்கு அனுப்ப, நீ படிப்பை விட்டுவிட்டு உல்லாசப் பயணிகளுக்கு டைவ் பழக்குகிறேன் என்று எழுதியபோதும் நான் வாய் திறக்கவில்லை. கறுப்பு ரப்பர் உடுப்பும் முதுகில் சிலிண்டருமாக நீ நிற்கும் படத்தை அம்மா சட்டம் போட்டு முன்னறையில் வைத்தாள். போன மாதச் சுற்றிவளைப்பில் வீடுவீடாகச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் அதைக் கண்டார்கள். தமிழ்ப் பெடியன் கடலுக்கடியில் சுழியோடுவது துறைமுகத்தில் கப்பலுக்குக் குண்டு வைக்கத்தானே, வேறு எதற்கு? உன் சாயலும் தம்பி கஜமுகனின் சாயலும் ஒன்று. படத்தில் இருப்பது அவன்தான் என்று அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த நான், என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கவும் லாயக்கில்லாத ஓர் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று ஒரு வினைச்சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். குளத்தில் தலைகீழாகப் பாய்வதும் டைவ், விமானம் செங்குத்தாக இறங்குவதும் டைவ், விலை திடீரென்று விழுவதும் டைவ், பந்தைப் பிடிக்கப் பீல்டர் பாய்வதும் டைவ் என்றேன். கிரிக்கெட் மட்டும் அந்த மண்டைக்குள் போனது. சிரித்துவிட்டு, சரி மாஸ்டர், கேட்ச் பிடிக்கிறதுக்கு முதுகில சிலிண்டர் எதுக்கு என்று சிங்களத்தில் கேட்டான். மேல்வீட்டு இரத்தினசிங்கம் படியில் மறித்து, மூத்தவர் கடலுக்குள்ள, இளையவர் பொலிஸ் கூட்டுக்குள்ள, மாஸ்டர் மட்டும் ஏன் வெளியில என்கிறார். அம்மா படத்தை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டு, பிள்ளை அதில எவ்வளவு வடிவா நிக்குது என்று அழுகிறாள். 

மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். நீ கடலுக்குப் போய்விட்டாய், வந்ததும் சொல்கிறேன் என்றாள் ஒரு பெண். சொன்னாளோ, நீதான் கேட்காததுபோல் இருக்கிறாயோ தெரியாது, ஆகவே எழுதுகிறேன். படத்தில் இருப்பது நீதான், அது உன் தொழில்தான் என்று உன் முதலாளியிடம் எழுதி வாங்கி, பாமன்கடை ஸவாஹிர் நானாவின் கடைக்கு உடனே ஃபாக்ஸ் அனுப்பு. அது வந்தால் பிள்ளையை வெளியில் எடுக்கலாம் என்கிறார் சட்டத்தரணி. மறக்காதே. இனிப் படம் அனுப்பாதே. ஈரத்தலையோடு படுக்க வேண்டாமாம், அம்மா சொல்லச் சொன்னாள். உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும். உன் தம்பியைக் காப்பாற்றுவது உன் வேலை.

இந்த இடத்தில் அன்புள்ள அப்பா என்று வரவேண்டும். தம்பி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை அதை எழுத எனக்குக் கை வராது. கையொப்பம் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.