கடலுக்குப் போகாத கட்டுமரம்

1968, ஆகஸ்ட். வியாழன் இரவு.

நேற்று மாலை துறைமுக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் முன்னால் தொங்கிய ஒயர்கள் தாமாக ஆடின. நில அதிர்ச்சி. துறைமுக அதிகாரி உடனே அதிர்ச்சியை அளக்கும் ஆய்வுக்கூடத்துக்கு லைன் கேட்டார். இணைப்புக் கொடுத்த என் காதிலும் விழுந்தது.

"முள்ளு இன்னும் ஆடிட்டிருக்கு சார். நின்னாத்தான் அளக்க முடியும். எங்கே, எவ்வளவு பெரிசுன்னு மத்த ஊர்லேர்ந்து தந்தி வந்தாத்தான் தெரியும். நாளைக்கு ஆயிடும்."

"கடல் பொங்குமா?"

"பெரிசா இருந்தா பொங்கலாம் சார்."

டியூட்டி முடிந்ததும் ராயபுரம் கரைக்கு ஓடினேன். அண்ணன் அந்தோணி கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். வலையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"புயல்னா ஹார்பர்ல கூண்டு ஏத்துவான். இதுக்கு இன்னா ஏத்திகீறான்?"

"ஒண்ணும் ஏத்தலண்ணா. எவ்ளோ பெரிசுன்னு அவங்களுக்கே தெரியல."

"அப்போ உனுக்கு மட்டும் எப்டி தெரியும்?"

வலையை விடவில்லை. அழுதேன். அதற்காகத்தான் கடலுக்குப் போகாமல் நின்றான்.

கடலுக்குப் போன மற்றவர்கள் இன்று காலை கூடை கூடையாக வஞ்சிரத்தோடு வந்தார்கள். அண்ணன் சும்மா நிற்க முடியாமல் அவர்கள் வலையை உதறிக்கொடுத்தான். மாலையில்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. உள்நாட்டில் எங்கோ, சின்ன அதிர்ச்சியாம். அதிகாரி சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

அண்ணன் திட்டவில்லை. "வுடு தங்கச்சி, பயந்துட்டே" என்றான். திட்டியிருக்கலாம். இன்னொரு நாள் அந்த முள் நிற்காமல் ஆடினால், நான் போய் என்னவென்று சொல்வது?

கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் "வரேன் தங்கச்சி" என்று எனக்குக் குரல் கொடுப்பான். இன்று எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.