டெய்லர் அக்கா வீட்டு விரிப்புகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். என் மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்லுவாய், அது எனக்கு வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

உன் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் தைத்த டெய்லர் அக்கா இடுப்பு உடைந்து படுக்கையில் இருப்பதும், நான் தினமும் போய் உடம்பு துடைத்துப் புண்ணுக்கு மருந்து போட்டு வந்ததும் உனக்குத் தெரியும். போன மாதம் ஆராதனையில் போதகர் என்னை எழுப்பி, ஊழியம் என்றால் என்னவென்று சகோதரி சாட்சி சொல்லட்டும் என்றுவிட்டார். மைக் கைக்கு வந்ததும் எனக்கு என்ன வந்ததோ. நான் வெறும் தூசி என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் தூசி பேசிக்கொண்டே போனது. புண்ணின் வாடை, நனைந்த விரிப்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் கழுவினது, ஒன்று விடாமல் சொன்னேன். சபையே கண்ணைத் துடைத்தது. பேரைச் சொல்லவில்லையே என்று இன்னமும் வாதாடுகிறேன், ஆனால் யாரென்று தெரியாதவர் அங்கே ஒருவரும் கிடையாது. அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்தபடியே ஆராதனை கேட்கட்டும் என்று அவள் தலைமாட்டில் போனை வைத்து, சபை நேரலையைப் போடச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

மறுநாள் போனால் பக்கத்து வீட்டு பேக்கரியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளேயிருந்து அக்கா குரல் மட்டும் வந்தது, இந்தச் சபையில அத்தனை பொம்பளைங்க அளவும் எனக்குத் தெரியும், உன் அளவும் தெரியும், ஒருத்தி அளவை இன்னொருத்திகிட்ட சொல்லியிருக்கேனாடி என்று. வீட்டுக்கு வந்து அழுதால் உங்கப்பா சாப்பிட்டுக்கொண்டே, ஆண்டவர் சீஷருங்க காலைக் கழுவினார், யார் காலில் எவ்வளவு அழுக்குன்னு வெளியே போய்ச் சொன்னதா நான் கேள்விப்படலை என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது பேக்கரியம்மாதான் அக்காவைப் பார்த்துக்கொள்கிறாள். தங்கமானவள், ஆனால் கடையையும் பார்த்து விரிப்பும் துவைக்க அவளால் ஆகிற காரியமா? ஈரத்தில் கிடந்தால் புண் எப்படி ஆறும்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்துக் கெஞ்சி, பின்வாசல் வழியாக விரிப்புகளை வாங்கி வந்து நம் வீட்டில் துவைத்து மடித்துக் கொடுக்கிறேன். யார் துவைப்பது என்று மூச்சு விடக்கூடாது என்று பேச்சு, தெரிந்தால் அக்கா அதையும் நிறுத்திவிடுவாள். நேற்று மடித்த துணியோடு பின்வாசலில் நிற்கிறேன், உள்ளேயிருந்து அக்கா பேக்கரியம்மாவிடம், நீ துவைச்சா எவ்வளவு சுத்தமா இருக்கு, அவ துவைச்சா சோப்பு நாத்தமே போகாது என்கிறாள். மகளே, அதே கை, அதே சோப்பு! வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேக்கரியம்மா என் முகத்தையே பார்க்கிறாள். துணியை அவள் கையில் திணித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ராத்திரிச் சமையலில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை.

குட்டிக்குச் சளி என்றாயே, ஈரத்தலையோடு விளையாட விடாதே. நீ அங்கே முதியோர் இல்லத்துக்குப் போய் உதவுகிறாயாம், நல்லது, போ, ஆனால் அவர்களோடு போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிராதே. ஞாயிற்றுக்கிழமை போதகர் மறுபடியும் என் பக்கம்தான் மைக்கை நீட்டுவார். நான் வாயைத் திறக்காமலிருக்க ஜெபம் பண்ணு. மாப்பிள்ளையிடம்கூட இதைச் சொல்லாதே.

அக்கா என்னைத் திட்டிக்கொண்டே காய்ந்த விரிப்பில் படுத்திருந்தால் எனக்கு அது போதும். கை எழுதிவிட்டது, மனசு இன்னும் வந்து சேரவில்லை. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகில் மூடிக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா