கோணவாய் கனகாம்பாள்

மணவாள நகர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள வினோதா அக்காவுக்கு, மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்ல, பானு எழுதுகிறேன். "நல்லாகீறேன்னு மட்டும் எழுதுடி" என்றாள் அம்மா. எழுதிவிட்டேன். இனி வருவது அவள் சொன்னதில்லை. போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும்.

முதலில் நான் பார்த்தது தண்ணீரைத்தான். போன மாதம் மீஞ்சூர் திருவிழா நாடகத்தில் அம்மாவுக்கு மாமியார் வேஷம். மேடையில் குடித்த தண்ணீர் வலது கடைவாயில் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது, பிறகு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பதினாலு வயதிலிருந்து அந்த வாயைக் கோணித்தானே அம்மா ஊரைச் சிரிக்க வைத்தாள். சினிமாவில் மீன்காரி, வேலைக்காரி என்று நடித்த ஐந்து படத்திலும் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இன்றும் "இன்னா கனகாக்கா, ஒரு வாட்டி கோணிக் காட்டு" என்கிறார்கள். அதனால் அன்று விசில் பறந்தது. நாடகம் நடத்தும் சடையப்பன் மாமா "அப்படிப் போடு, இன்னும் இழு கனகா" என்று ஓரத்தில் நின்று கத்தினார். நானும் சிரித்தேன் அக்கா. திரைக்கயிறு என் கையில்தான் இருந்தது. தண்ணீரைப் பார்த்த எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பாதியில் இழுத்தால் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்களே என்று கூசி நின்றேன். அம்மா கீழே விழுந்த பிறகுதான் இழுத்தேன். அப்போதும் கை தட்டினார்கள்.

பக்கவாதமாம். கண்ணாடி பார்த்து தினமும் வாய்க்குப் பயிற்சி செய்தால் இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் ஓரளவு திரும்பும் என்று டாக்டர் சொன்னார். அம்மா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று நான் சொன்னது பொய். "இந்த மூஞ்சிய பாத்தா அவ அழுவா. என்னப் பாத்து யாரும் அழுதுக்கினு நின்னதில்ல" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் நான் கேமராவை மூடமாட்டேன். அழாதே அக்கா. பயிற்சி செய்யச் சொல். நீ சொன்னால்தான் கேட்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஓவர்டைம் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மகராசியாக இரு. இது அம்மா சொல்லச் சொன்னதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா கனகாம்பாள்
(எழுதியது பானு)

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். "நல்லாகீறேன்" வரைக்கும் படித்தேன். இதை எழுதி முடித்ததும் கவரை ஒட்டி, நாளை மஸ்கட் திரும்பும் துளசிராமன் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.